சாம்பல் கல்லு வீடு: ரெண்டு கோடை பாத்த பிறகு ஒரு ரிவ்யூ

வீடு கட்டிட்டு இருக்கும்போதே ரிவ்யூ போடறவங்களை நான் நம்பறதில்லைங்க. சுவர் ஒரு சித்திரை வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் வாங்கணும், அப்பறம்தான் அதைப் பத்தி வாயத் திறக்கணும்னு எங்க மேஸ்திரி சொல்வாரு. நாங்க 2024 தைல பால் காய்ச்சினோம், ரெண்டு கோடை முடிஞ்சு ரெண்டாவது மழையும் பேஞ்சாச்சு, அதனால இப்ப தைரியமா எழுதறேன். கோயமுத்தூர் துடியலூர் பக்கம், மூணேகால் சென்ட் இடம், கீழ ரெண்டு பெட்ரூம், மாடில ஒரு ரூம், மொத்தம் 22,000 கல்லு போச்சு, அத்தனையும் ஃப்ளை ஆஷ், அதாவது நிலக்கரி எரிச்ச சாம்பல்ல செய்யற கல்லு. எங்க ஊர்ல சாம்பல் கல்லுன்னா புரியும். கல்லோட சேத்து மொட்டை மாடில ஒட்டின கூலிங் டைல்ஸ், மேல மாட்டின சோலார் ரெண்டையும் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா "பசுமை வீடு"ன்னு கேட்டாலே இது மூணையும் ஒரே பொட்டலமா கட்டித்தான் விக்கறாங்க, ஆனா மூணும் மூணு கதை.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் ஒண்ணும் பூமியக் காப்பாத்தக் கிளம்பல. செங்கல் கட்டுப்படியாகல, அவ்வளவுதான்.

எங்க அப்பா காலத்துல வீடு கட்டணும்னா பக்கத்துல செங்கல் சூளை இருந்த தடாகம்ங்கற ஊருக்கு ஒரு ஆளு போய் சொல்லிட்டு வந்தா போதும், சாயங்காலம் டிராக்டர் வாசல்ல நிக்கும். கணுவாய் தாண்டிட்டா வழி நெடுக சூளைதான். செம்மண்ணை அளவே இல்லாம தோண்டி, யானை போற தடமெல்லாம் குழியாகி, கேஸ் போட்டு, கடைசில 2021ல அந்தப் பள்ளத்தாக்கு சூளைகளை மொத்தமா மூடிட்டாங்க. அதுக்கப்பறம் செங்கல் தூரத்துலருந்து வரணும், லாரி வாடகையும் சேத்து எங்களுக்கு சொன்ன ரேட்டு கல்லுக்கு 12 ரூபா, சாம்பல் கல்லு 8 ரூபா சில்லறை, 22,000 கல்லுக்கு நீங்களே பெருக்கிப் பாருங்க, எண்பதாயிரம் கிட்ட வித்தியாசம் வருது, அந்தக் காசுல எங்களுக்கு மாடிப்படி கைப்பிடியும் ரெண்டு கதவும் வந்துச்சு. வேடிக்கை என்னன்னா தடாகத்துல நடந்தது மண்ணுக்காகவும் யானைக்காகவும் நடந்த சண்டை, கார்பனுக்காக இல்ல, ஆனா எங்க ஏரியால ஜனங்களை சாம்பல் கல்லுப் பக்கம் தள்ளிவிட்டது எந்தப் பசுமை விளம்பரமும் இல்ல, அந்த மூடின சூளைகதான்.

மேஸ்திரிகிட்ட சொன்னப்ப அவரு மொகமே மாறிப்போச்சு. "தம்பி, ஆணி இறங்காது, பூச்சு பிடிக்காது, நாளைக்கு வெடிச்சுதுன்னா எம்மேல பழி வரப்படாது, இப்பவே சொல்லிப்போட்டேன்"னாரு. எங்கம்மா அதுக்கு மேல, "சாம்பல்ல பாத்திரம் வெளக்குவாங்க, இவன் வீடு கட்டறானாமா"ன்னு அத்தைகிட்ட ஃபோன்ல சொல்லி சிரிச்சுட்டு இருந்துச்சு.

சரின்னு ரெண்டு இடத்துல சாம்பிள் கல்லு வாங்கிட்டு வந்தேன், பேரு ரெண்டுமே சொல்லப் போறதில்ல. ரெண்டும் ஒரே சைஸ், 9க்கு 4க்கு 3 இன்ச்சு, ஒரே சாம்பல் நெறம், கண்ணால பாத்தா ஒண்ணுகூட வித்தியாசம் தெரியாது. பக்கத்து மளிகைக்கடை தராசுல நிறுத்தேன், ஒண்ணு 3 கிலோ 100, இன்னொண்ணு 2 கிலோ 900. ரெண்டையும் ஆளுக்கொரு பக்கெட்ல முக்கி ஒரு நாள் பூரா வெச்சிருந்து மறுநாள் அதே நேரத்துக்கு எடுத்து துணியால தொடச்சு திருப்பி நிறுத்தேன். முதல் கல்லு மூணரை கிலோ. ரெண்டாவது 3 கிலோ 600, அதாவது ஒரே நாள்ல 700 கிராம் தண்ணி குடிச்சிருக்கு, கணக்குப் போட்டா 24 சதவீதம். நம்ம கட்டற மாதிரி கல்லுக்கு ஐஎஸ்ஐ ஸ்டாண்டர்டு 20க்கு மேல போகக்கூடாதுங்குது. அந்தக் கல்லை எடுத்து மூலைய கட்டைவிரலால அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உதிருது. கடைக்காரர் பாத்துட்டு "காப்பில முக்கி சாப்பிடலாம் போல"ன்னாரு. முதல் கல்லு ரெண்டை ஒண்ணோட ஒண்ணு தட்டினா டங்குன்னு சத்தம். அவங்ககிட்டயே ஆர்டர் போட்டாச்சு. நீங்க இந்தக் கல்லு வாங்கறதா இருந்தா தயவுசெஞ்சு இந்த பக்கெட் வேலைய மட்டும் பண்ணுங்க, மத்த எந்த சர்டிபிகேட்டும் கேக்க வேண்டாம்.

இப்ப இந்தக் கல்லு ஏன் செங்கல்ல விட சல்லிசா வருதுங்கறதுக்கு ஒரு பின்கதை இருக்கு, வீடு கட்டும்போது எனக்குத் தெரியாது, அப்பறம் தோண்டித் துருவிப் படிச்சதுதான். நம்ம ஊர் நிலக்கரில நூத்துக்கு முப்பதுலருந்து நாப்பது பங்கு வரைக்கும் சாம்பல்தான். அனல் மின் நிலையத்துல எரிச்சு முடிச்சா மலை மாதிரி குவியும், நாடு பூரா வருஷத்துக்கு 20 கோடி டன்னுக்கு மேல. தண்ணில கரைச்சு குட்டைல விடுவாங்க, காத்தடிச்சா ஊரெல்லாம் பறக்கும், எண்ணூர் பக்கம் கொசஸ்தலை ஆறு இதனாலயே என்ன பாடு பட்டுதுன்னு சென்னைக்காரங்களுக்குத் தெரியும். 1999ல மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டுச்சு, சாம்பலை கல்லு செய்யறவங்களுக்கு சும்மா குடுக்கணும், மின் நிலையத்துலருந்து 50 கிலோமீட்டர் சுத்தளவுல செங்கல் அறுக்கறவங்க மண்ணுல 25 சதவீதம் சாம்பல் கலக்கணும்னு. 2003ல 50 ஆனது 100 கிலோமீட்டர், 2016ல 300. 300ன்னா மேட்டூர் அனல் மின் நிலையத்துலருந்து வட்டம் போட்டா கோயமுத்தூர் அப்படியே உள்ள வந்துருது. 2016லயே இன்னொண்ணும் போட்டாங்க, 100 கிலோமீட்டர் வரைக்கும் லாரி செலவு மின் நிலையத்தோடது, அதுக்கு மேல 300 வரைக்கும் ஆளுக்குப் பாதி. கடைசியா 2021 டிசம்பர்ல வந்ததுதான் காரம், சாம்பல் மொத்தத்தையும் பயன்படுத்தியே ஆகணும், தேங்கினா டன்னுக்கு ஆயிரம் ரூபா கட்டணும்.

நல்லா கவனிச்சீங்கன்னா இதுல எங்கயுமே வீடு கட்டற என்னைப் பாத்து "நல்லவனா இரு"ன்னு யாரும் சொல்லல. சாம்பல் வெச்சிருக்கறவன் கழுத்துல துண்டைப் போட்டுட்டாங்க, அவனுக்கு அது சரக்கு இல்ல, சுமை, தள்ளிவிட்டாப் போதும்னு ஆயிருச்சு. கோயமுத்தூர்லயும் திருப்பூர்லயும் ஹைட்ராலிக் மிஷின் ஒண்ணு, கொட்டாய் ஒண்ணு, ஆறேழு ஆளு வெச்சு கல்லு போடறவங்க இத்தனை பேர் முளைச்சது அதனாலதான். சூளையும் கிடையாது, விறகும் கிடையாது. சாம்பல், கிரஷர் பவுடர், கொஞ்சம் சிமெண்ட்டு, அமுக்கி எடுத்து தண்ணி விட்டா முடிஞ்சுது. சிமெண்ட்டுக்கு பதிலா சுண்ணாம்பும் ஜிப்சமும் போட்டு செய்யற ஃபேல்-ஜி (FaL-G)ன்னு ஒரு முறை விசாகப்பட்டினத்துல கண்டுபிடிச்சது, அதுல கல்லு போட்ட சின்னச் சின்னப் பட்டறைகளைச் சேத்து 2000களிலேயே உலக வங்கி மூலமா கார்பன் காசு, அதாவது புகைய மிச்சம் பண்ணினதுக்கான காசு, வாங்கிக் குடுத்திருக்காங்க. எரிக்காத கல்லு ஒவ்வொண்ணுக்கும் காசு! படிச்சப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

சரி கல்லுக்கு வர்றேன். முதல் ரெண்டு லோடு தங்கம். மூணாவது லோடு வந்தப்ப மழைக்காலம், கல்லு இறக்கும்போதே சித்தாள் அக்கா ஒண்ணு "ஏனுங்க சார் இது இன்னும் சுடச்சுட இருக்குது"ன்னு சொல்லுச்சு, சூடுன்னா சூடு இல்ல, பச்சையா இருக்குன்னு அர்த்தம். ரெண்டு மூணு வாரமாவது தண்ணி விட்டு வெச்சிருந்து அனுப்பணும், இது போட்டு நாலு நாள்கூட ஆயிருக்காது, கைல எடுத்தா ஈரமா மாவு ஒட்டுது. ஃபோன் பண்ணினா "அதெல்லாம் உங்க சைட்லயே செட்டாயிரும் சார்"னு பதில். செட்டாகல. நான் அவசரத்துல அந்தக் கல்லை வடக்குப் பக்க சுவருக்குக் கட்ட விட்டுட்டேன், அது என் தப்பு, ஆறு மாசத்துல அந்த சுவர்ல மட்டும் பூச்சு மேல தலைமுடி மாதிரி விரிசல். கல்லு காயக் காய சுருங்கும், சுவர்ல ஏறினப்பறம் சுருங்கினா பூச்சைத்தான் இழுக்கும். மத்த மூணு பக்கமும் இன்னைக்கு வரைக்கும் ஒரு கீறல் இல்ல. கல்லு வித்த கடைக்கு இதனால ஒன்றரை ஸ்டார் கம்மி பண்றேன், கல்லுக்கு இல்ல.

பூச்சு பிடிக்காதுன்னு மேஸ்திரி பயந்தது பாதி நெசம். கல்லு ஒரு பக்கம் வழுவழுன்னு இருக்கும், பழைய செங்கல் மாதிரி மேடும் பள்ளமும் இல்ல, அதனால கொத்து போட்டு, லேசா தண்ணி தெளிச்சு பூசணும். செங்கல்லை ஊறப் போடற மாதிரி இதை ஊறப்போட்டா கலவை வழுக்கிட்டு இறங்கும். இதை ஒரு நாள் கெடுத்துத்தான் கத்துக்கிட்டோம். ஆனா கல்லு எல்லாம் ஒரே அளவு, நூல் புடிச்ச மாதிரி சுவர் நிக்குது, உள்பக்கம் பூச்சு அரை இன்ச்லயே முடிஞ்சுது, சிமெண்ட் மூட்டை எண்ணிக்கைல எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. கடைசில மேஸ்திரியே "ஒடைசல் கம்மிதானுங்க தம்பி"ன்னு ஒத்துக்கிட்டாரு, இப்ப அவரு அடுத்த சைட்லயும் இதே கல்லுதான். ஆணி மேட்டர் மட்டும் முழு நெசம். சுத்தியல் வேலைக்கே ஆகாது, ட்ரில் போட்டு ஆணிக்கு உறை சொருகித்தான் சாமி படம் மாட்டினோம்.

இப்ப முக்கியமான விஷயம், சூடு. இந்தக் கல்லு விக்கறவங்க எல்லாரும் "வீடு ஜில்லுன்னு இருக்கும்"னு சொல்றாங்க. இல்லைங்க. இருக்காது. செங்கல் சுவர் எப்படியோ கிட்டத்தட்ட அப்படித்தான். சூளைல வேகாததால மண்ணும் மரமும் மிச்சம், அது பசுமைதான், ஆனா அது கல்லு பொறக்கறதுக்கு முன்னாடி நடந்த புண்ணியம், வீட்டுக்குள்ள உக்காந்திருக்கற எனக்கு அதனால ஒரு டிகிரி கூட கொறையாது. எங்க மேக்குப் பக்க பெட்ரூம் சுவரை 2024 ஏப்ரல்ல சாயங்காலம் ஏழு மணிக்குத் தொட்டா தோசைக்கல்லு. சூடு தடுக்கணும்னா ஏஏசி பிளாக்குதான், அதுவும் சாம்பல்ல செய்யறதுதான், உள்ள முழுக்க காத்துப் புரை, ரொட்டி மாதிரி லேசா இருக்கும், சூடு உள்ள வர ரொம்ப நேரம் எடுக்கும். மேக்கு சுவருக்கு மட்டுமாவது அதைப் போட்டிருக்கலாம். அதுக்குன்னு தனிப் பசை இருக்கு, அதுல கட்டிப் பழக்கமில்லன்னு மேஸ்திரி கைய விரிச்சாரு, நானும் விட்டுட்டேன், இப்ப வருத்தப்படறேன். போன வருஷம் அந்தச் சுவருக்கு முன்னாடி கம்பி கட்டி சங்குப்பூக் கொடி ஏத்தி விட்டிருக்கேன். கொஞ்சம் பரவால்ல.

இதுக்கெல்லாம் சட்டம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. 2018ல ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு வீடுகளுக்குன்னே ஒரு கோடு, அதாவது கட்டட விதிப் புத்தகம், கொண்டு வந்தாங்க. பேருதான் ஏதோ சாமியார் மடம் மாதிரி இருக்கு, விஷயம் அருமையானது. வெளிச்சுவர், ஜன்னல் வழியா உள்ள வர்ற சூடு சதுர மீட்டருக்கு சராசரியா 15 வாட்டுக்கு மேல போகக்கூடாது, கூரைக்கு தனியா ஒரு வரம்பு, வெறும் கான்கிரீட் கூரை அந்த வரம்பை ரெண்டு மடங்குக்கு மேல தாண்டிரும். அப்ப எங்க வீட்டு பிளான் அப்ரூவல்ல ஏன் யாருமே இதைக் கேக்கல? ஏன்னா அந்தக் கோடு ஆரம்பிச்சதே 500 சதுர மீட்டர் இடத்துலருந்து. 500 சதுர மீட்டர்னா நம்ம கணக்குல பன்னண்டு சென்ட்டுக்கு மேல! துடியலூர்ல பன்னண்டு சென்ட் வெச்சிருக்கறவன் எதுக்கு என்னை மாதிரி 8 ரூபா கல்லைத் தேடி அலையறான். 2022ல எரிசக்தி சேமிப்பு சட்டத்தைத் திருத்தினப்பவும் 100 கிலோவாட் லோடுலருந்துதான் ஆரம்பம், எங்க வீட்டு லோடு 5 கிலோவாட். ஊர்ல இருக்கற முக்காவாசி வீடு மூணு சென்ட்டு அஞ்சு சென்ட்டுதான், அத்தனையும் வலைல சிக்காத பொடி மீனு.

இந்த இடத்துல 2003 ஞாபகம் வருது. மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு ஜெயலலிதா அம்மா உத்தரவு போட்டப்ப மூணு சென்ட்டு, முப்பது சென்ட்டுன்னு பாக்கல, குடிசையத் தவிர எல்லா வீட்டுக்கும்னாங்க. எங்க பழைய வீட்டுலயே மேஸ்திரிக்கு க்யூ நின்னு குழி தோண்டினோம். பேருக்கு பைப்பை மட்டும் இறக்கி வெச்சவங்களும் உண்டு, மறுக்கல. ஆனா இன்னைக்கு எந்த மேஸ்திரியும் அந்தக் குழி இல்லாம வீடு முடிக்கறதில்ல, யாரும் சொல்லித்தரவும் வேண்டியதில்ல. கூரைக்கு இப்படி ஒரு உத்தரவு வந்தா எப்படி இருக்கும்னு சித்திரை மாசம் மதியானத்துல நெனைச்சுப் பாப்பேன்.

சர்டிபிகேட் வீடு பத்தியும் ஒரு வார்த்தை. என் சித்தி பையன் சென்னைல ஓஎம்ஆர் பக்கம் பசுமைக் கட்டடம்னு பலகை வெச்ச அபார்ட்மெண்ட்ல ஃபிளாட் வாங்கியிருக்கான், பில்டர் பேரு வேண்டாம். லாபில பித்தளைல இலை படம் போட்ட தகடு. கழிவுநீர் சுத்திகரிக்கற பிளாண்ட் இருக்கு, காமன் ஏரியா லைட்டுக்கு சோலார் இருக்கு, அதெல்லாம் நெசமாவே வேலை செய்யுது. ஆனா அவன் ஹால் முழுக்க மேக்கு பாத்த கண்ணாடி, சன்ஷேடு ஒரு சாண் கூட இல்ல, மார்ச் மாசமே பகல்ல ஏசி. பாயிண்ட்டு சேத்துத்தான் ரேட்டிங், சைக்கிள் நிறுத்த இடம் விட்டதுக்கும் பாயிண்ட்டு உண்டு, அங்க அங்க பொறுக்கிச் சேத்து தகடு வாங்கிடலாம். பில்டர் இதுக்கு ஏன் மெனக்கெடறான்னா சில மாநிலங்கள்ல ரேட்டிங் வாங்கினா அதே இடத்துல கூடுதல் சதுர அடி கட்டிக்க அனுமதி (எஃப்எஸ்ஐ) தர்றாங்க, புனே பக்கம் பிம்ப்ரி சின்ச்வட்ல சொத்து வரில தள்ளுபடியே உண்டு. அதனால பசுமைக் கட்டடம் எண்ணிக்கைல ஏறுது, சந்தேகமே இல்ல. நம்ம ஓமந்தூரார் தோட்டத்து சட்டமன்றக் கட்டடத்தையும் 2010ல பசுமைக் கட்டடம்னுதான் திறந்தாங்க, 2014ல அது ஆஸ்பத்திரி ஆச்சு, தகடு வாங்கறது வேற, கட்டடத்துக்குள்ள என்ன நடக்குதுங்கறது வேற.

கூலிங் டைல்ஸ். இதுக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். முன்னாடி சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடிச்சு சுர்க்கித் தளம் போட்டு மேல தட்டோடு பதிப்பாங்க, அந்த வேலை தெரிஞ்ச ஆளு இப்ப கிடைக்கறதில்ல, அதனால வெள்ளை டைல்ஸ். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் மில்லுல மெயின்டனன்ஸ்ல இருக்கான், துப்பாக்கி மாதிரி இருக்கற சூடு பாக்கற மீட்டர் கொண்டுவந்தான், ஏப்ரல்ல மதியம் ரெண்டு மணிக்கு போர்டிகோ மேல வெறும் கான்கிரீட் 58 டிகிரி, பத்தடி தள்ளி டைல்ஸ் 43. செருப்பில்லாம நடந்து பாத்தோம், டைல்ஸ் மேல நிக்க முடிஞ்சுது, கான்கிரீட்ல குதிச்சேன். கீழ ராத்திரி ஃபேன் காத்து இப்ப அனலா அடிக்கறதில்ல, அதுவே போதும். அரை மார்க் ஏன் கொறைச்சேன்னா ஒரு மழை முடிஞ்சா பாசி புடிச்சு கருப்பாகுது, வருஷத்துக்கு ரெண்டு தடவை தேய்க்கணும், தேய்க்காத வெள்ளை டைல்ஸ் வெறும் டைல்ஸ்தான். இன்னொண்ணு, வாட்டம் சரியா விடலைன்னா மூலைல தண்ணி நிக்கும், ஒட்டும்போதே ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாத்துருங்க.

சோலார் 2024 கடைசில மாட்டினோம், 3 கிலோவாட். பிஎம் சூர்ய கர் திட்டம் அந்த வருஷம் பிப்ரவரிலதான் வந்துச்சு, ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 மானியம். அதனாலயே தெருவுல எல்லாரும் சரியா மூணு கிலோவாட்தான், வீடு சின்னதோ பெருசோ, மானியம் நிக்கற எடத்துல பேனலும் நின்னுடுச்சு. நம்ம நாட்டுல செஞ்ச பேனல் போட்டாத்தான் மானியம், அது வெளிநாட்டு சரக்கை விட ரேட்டு ஜாஸ்தி, கொட்டேஷன் கேக்கும்போது இதை மறந்துட்டு பக்கத்து வீட்டோட ஒப்பிட்டுக் குழம்பிக்காதீங்க. கரண்ட்டு நல்லா வருது, நல்ல வெயில் நாள்ல 12, 13 யூனிட். மாட்டிவிட்ட கம்பெனி அட்வான்ஸ் வாங்கற வரைக்கும் தினமும் ரெண்டு கால், அப்பறம் நெட் மீட்டர் பேப்பரை அவங்க தப்பா குடுத்து திரும்பி வந்து ஒன்றரை மாசம் பேனல் சும்மா வெயில் காஞ்சுது, ஃபோன் எடுக்கவே இல்ல. சர்வீஸுக்கு அஞ்சுக்கு ரெண்டு.

ஆனா எல்லாருக்கும் சோலார் போடச் சொல்ல மாட்டேன். ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ள ஓட்டறவங்களுக்கு நம்ம ஊர்ல 2025 கணக்குப்படி முதல் 100 யூனிட் சும்மா, மிச்சத்துக்கும் பில்லு சில நூறுதான், அவங்க சோலார் போட்டா போட்ட காசு திரும்ப வர பேரன் காலம் ஆகும். ஏசி போட்டு 500 தாண்டி ஸ்லாப் மாறி பில்லைப் பாத்து நெஞ்சைப் புடிக்கறவங்களுக்குத்தான் இது லாபம். ஒரு கை ஃப்ரீ யூனிட் குடுக்குது, இன்னொரு கை சோலார் மானியம் குடுக்குது, ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கறதே இல்ல. எங்க வீட்டுல சோலாருக்கு முன்னாடியே பில்லை எறக்கினது ஸ்டார் போட்ட பிஎல்டிசி ஃபேனுதான், பழசு 75 வாட், இது 30 சொச்சம். 2023 ஜனவரிலருந்து ஸ்டார் லேபிள் இல்லாம சீலிங் ஃபேன் விக்கக்கூடாதுன்னு ஆனதுலருந்து கடைக்காரனே அதைத்தான் முதல்ல எடுத்துக் காட்டறான்.

சிமெண்ட்டைப் பத்தி சுருக்கமா. வீட்டுல கார்பன் ஜாஸ்தி ஒளிஞ்சிருக்கறது கல்லுல இல்ல, சிமெண்ட்டுல, சுண்ணாம்புக் கல்லை சுட்டாலே உள்ளருந்து கார்பன் டை ஆக்ஸைடு வந்தே தீரும், சூரிய ஒளில சுட்டாலும் வரும். மூட்டைல பிபிசி (PPC)ன்னு போட்டிருக்கற சிமெண்ட்ல 15லருந்து 35 சதவீதம் சாம்பல் கலந்திருக்கும், அந்த அளவுக்கு சுட்ட சரக்கு கம்மி. நான் பூச்சு, கட்டு எல்லாத்துக்கும் பிபிசிதான், கான்கிரீட்டுக்கும் அதையே போடலாம்னு இன்ஜினியர் சொன்னாரு, மேஸ்திரிதான் "53 கிரேடு இல்லாம தளம் போட்டா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது"ன்னாரு, அவரோட தூக்கத்துக்காக தளத்துக்கு மட்டும் சாம்பல் கலக்காத 53. 2025 செப்டம்பர்ல சிமெண்ட் ஜிஎஸ்டி 28லருந்து 18 ஆச்சு, சந்தோஷம், ஆனா சாம்பல் கலந்ததுக்கும் கலக்காததுக்கும் ஒரே வரிதான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு அஞ்சு பர்சண்ட் வித்தியாசம் வெச்சிருந்தா மேஸ்திரியோட தூக்கத்தை நாங்க வேற மாதிரி பேசியிருப்போம்.

எனக்கு ராத்திரி தூக்கம் வராம யோசிக்கற விஷயம் வேற ஒண்ணு. இந்தக் கல்லு எங்கருந்து வருது? நிலக்கரி எரிச்ச மிச்சம். நிலக்கரிய நிறுத்தணும்ங்கறதுதான் கார்பன் கொள்கையோட முதல் வரியே. இங்கிலாந்துல 2024 செப்டம்பர் 30ந்தேதி கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடிட்டாங்க, இனிமே அங்க புதுசா சாம்பலே விழாது, வெளியருந்து வாங்கணும் இல்ல பழைய குட்டைய தோண்டணும். நமக்கு அந்த நாள் ரொம்ப தூரம், மேட்டூர்ல புகை வந்துட்டுத்தான் இருக்கு, குட்டைகள்ல பழைய சாம்பலே மலையா கிடக்கு. ஆனா ஒரு கொள்கை ஜெயிக்க ஜெயிக்க இன்னொரு பசுமைச் சரக்கு காலியாகும்ங்கறது விசித்திரமா இல்ல? அதுக்குள்ள மாத்து ரெடி பண்ணிட்டு இருக்காங்க, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்த எல்சி3ன்னு ஒரு சிமெண்ட், ஐஐடி மெட்ராஸ்லயும் அதுல வேலை பாத்திருக்காங்க, 2023ல இந்திய ஸ்டாண்டர்டும் வந்தாச்சு. எங்க மேஸ்திரிகிட்ட சொன்னேன். "களிமண்ணா? அப்ப திரும்பவும் சூளைக்கே போறோமா தம்பி"ன்னு கேட்டாரு. செங்கல் அளவுக்கு சூடு வேண்டியதில்லன்னு சொல்ல வாயெடுத்து, எனக்கே சரியாத் தெரியாததால டீ சொல்லிட்டேன்.

மார்க் போடணும்னா, கல்லுக்கு நாலு, நல்லா தண்ணி விட்டு காஞ்ச கல்லா இருந்தா மட்டும். நாங்க கல்லு வாங்கின கடைக்கு மூணு, அந்த மூணாவது லோடு மட்டும் வராம இருந்திருந்தா நாலரை. மேக்கு சுவருக்கு இதை வாங்காதீங்க. கட்டி முடிச்சு ஒரு 300 கல்லு மிச்சம், காம்பவுண்டுக்குப் பின்னாடி அடுக்கி வெச்சிருக்கேன், ரெண்டு மழை நனைஞ்சு இப்பதான் டங்கு டங்குன்னு சத்தம் வருது. துடியலூர் பக்கம் யாராவது திண்ணையோ நாய்க்கூண்டோ கட்டறதா இருந்தா வந்து எடுத்துக்கலாம். கல்லு சும்மா, வண்டி வாடகை உங்களோடது.